வரிசைக்கு வராதவர்களைத் தேடிச் செல்லுதல்

பெருநகரம் ஒன்றைப் பேரிடர் தாக்கிய முதல் இரண்டு மூன்று வாரங்களில் உதவிக்குப் பஞ்சம் இருப்பதில்லை. உணவுப் பொட்டலங்களும் போர்வைகளும் தேவைக்கு மேல் குவிகின்றன. தன்னார்வலர்கள் தெருத்தெருவாக இறங்குகிறார்கள். அமைச்சர்கள் வருகிறார்கள், அவர்களோடு கேமராக்களும் வருகின்றன. வெள்ளம் வடிந்து, சாலைகள் திறந்து, அலுவலகங்கள் வழக்கம்போல் இயங்கத் தொடங்கியதும் நகரம் மீண்டுவிட்டதாக அறிவிக்கப்படுகிறது. சமூக மீட்சிப் பணி பெரும்பாலும் அந்த அறிவிப்புக்குப் பிறகுதான் தொடங்குகிறது. வெள்ளத்தில் மூழ்கிய தாழ்வான குடியிருப்புகளில் அத்தகைய பணியைச் செய்த ஒரு சிறிய குழுவில் நான் இருந்தேன். தனித்து வாழும் முதியோர், மாற்றுத்திறனாளிகள், நாள்பட்ட நோயாளிகள், குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள், எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் வாடகைக்கு இருந்தவர்கள், பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்தவர்கள் ஆகியோர் மீண்டும் தம் வாழ்க்கையைத் தாமே நடத்தும் நிலைக்கு வரும்வரை உடன் நிற்பது எங்கள் வேலையாக இருந்தது.

அந்த வேலையில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. விண்ணப்பித்து, வரிசையில் நின்று, வாய்விட்டுக் கேட்டு வாங்க வேண்டிய ஒன்றாக நிவாரணம் இருக்கும்வரை, அது ஓரளவேனும் வலுவுள்ளவர்களையே சென்று சேரும். வலுவை அடியோடு இழந்தவர் அந்த வரிசைக்கு வரவே மாட்டார். ஆகவே அவரது வாசலுக்கு யார் போவது, எவ்வளவு காலம் போவது, போனால் என்ன கேட்பது என்பவற்றைத் தீர்மானிப்பதிலேயே இந்தப் பணியின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. அதற்கு இணையாக, அவரைச் சுற்றி ஏற்கெனவே இருந்த அக்கம்பக்கத்தாரை அவரிடமிருந்து பிரித்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். அக்கம்பக்கத்தார் செய்வதை எந்தக் குழுவாலும் முழுமையாக ஈடுசெய்ய முடியாது.

இதை மிகக் கசப்பான முறையில் உலகுக்கு உணர்த்தியது ஜப்பானின் கோபே நகரம். 1995 ஜனவரி 17 அதிகாலை 5.46 மணிக்கு அந்நகரையும் சுற்றுப்புறங்களையும் உலுக்கிய நிலநடுக்கத்தில் 6,434 பேர் உயிரிழந்தனர்; அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 60 வயதைக் கடந்தவர்கள். வீடிழந்தோருக்காக ஏறத்தாழ 48,000 தற்காலிக வீடுகள் கட்டப்பட்டு, முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முன்னுரிமை தந்து, குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டன. நோக்கத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அந்த வீடுகளில் பல புறநகரிலும், கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலத்திலும் அமைந்திருந்தன; ஒரே தெருவில் ஆயுள் முழுவதும் வாழ்ந்தவர்கள் குலுக்கலின் காரணமாக ஆளுக்கொரு திசையில் பிரிந்தார்கள்; முன்னுரிமை தந்ததனாலேயே, உதவி தேவைப்படுவோர் மட்டும் ஓரிடத்தில் திரண்டு, உதவக்கூடிய வயதினர் அங்கே அரிதாகிப்போனார்கள். தற்காலிகக் குடியிருப்புகள் மூடப்படும்வரையான சுமார் ஐந்தாண்டுகளில், அவற்றில் 233 பேர் அருகில் ஒருவரும் இல்லாத நிலையில் தனியே இறந்ததாகப் பதிவாகியுள்ளது. அவர்கள் அனைவரும் நிலநடுக்கத்தில் உயிர் தப்பியவர்கள், தலைக்கு மேல் கூரையும் கிடைத்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. அதே ஜப்பானில், 2004 அக்டோபர் 23 அன்று நீகாட்டா மாகாணத்தைத் தாக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு, யமகோஷி கிராமத்தின் சுமார் 2,000 மக்களைத் தற்காலிக வீடுகளுக்கு மாற்றியபோது, அவர்கள் முன்பு எந்தெந்தச் சிற்றூரில் வாழ்ந்தார்களோ அந்த வரிசைப்படியே ஒன்றாகக் குடியேற்றினார்கள். கோபே கற்பித்த பாடம் அங்கே செயலுக்கு வந்தது.

எங்கள் நகரத்திலும் இதே சிக்கல் தலைகாட்டியது. தற்காலிகக் குடியிருப்பில் வீடுகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கப் போவதாகச் செய்தி வந்ததும் பொறுப்பு அதிகாரியைச் சந்தித்தோம். குலுக்கலில் யாரும் குறை சொல்ல முடியாது, சிபாரிசுக்கு இடமில்லை என்றார் அவர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. குலுக்கலே வேண்டாம் என்று நாங்கள் வாதாடவில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு சீட்டு என்பதற்குப் பதிலாக, ஒரே சந்தில் வாழ்ந்த ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒரு சீட்டாகப் பதிந்துகொள்ள அனுமதியுங்கள், எந்தத் தொகுதி யாருக்கு என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கட்டும் என்று கேட்டோம். தயக்கத்துக்குப் பிறகு அது ஏற்கப்பட்டது. இத்தகைய கோரிக்கையை வீடுகளுக்கு எண் போடுவதற்கு முன்பே வைத்துவிட வேண்டும். எண் போட்டு, சாவி கைமாறிய பிறகு, எந்த அதிகாரியாலும் அதைத் திருத்த இயலாது, அவர் எவ்வளவு நல்லவராயினும். கூட்டாகப் பதிந்துகொள்ள ஆளில்லாதவர்களை நாங்கள் தனியே கவனிக்க வேண்டியிருந்தது. ஏனெனில் அவர்களே எல்லோரையும்விட ஆபத்தான நிலையில் இருந்தவர்கள்.

அடுத்து, பட்டியல். யாருக்கு உதவி என்பதைப் பட்டியலே தீர்மானிக்கிறது. பட்டியலையோ வீட்டு உரிமையும் அடையாள அட்டையும் தீர்மானிக்கின்றன. உள்வாடகைக்கு இருந்தவர், வேலை செய்யும் வீட்டிலேயே தங்கியிருந்த பணிப்பெண், கட்டுமான இடத்தில் படுத்துறங்கிய தொழிலாளி, குடும்பத்தால் ஒதுக்கப்பட்டு நண்பர்களோடு வாழ்ந்த திருநங்கை, முகாமுக்கே வராமல் உறவினர் வீட்டுக் கூடத்தில் ஒண்டிக்கொண்ட மூதாட்டி என எத்தனையோ பேர் அதில் இடம்பெறுவதில்லை. அவர்களை அலுவலகத்திலிருந்துகொண்டு கண்டுபிடிக்க இயலாது. அவர்களை நாள்தோறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவர்களைக் கேட்க வேண்டும்: தபால்காரர், துப்புரவுப் பணியாளர், மருந்துக்கடையில் நிற்பவர், பள்ளி ஆசிரியர், ஆட்டோ ஓட்டுநர். "வெள்ளத்துக்கு முன்பு அடிக்கடி பார்த்து, இப்போது பார்க்காத முகம் எது?" என்ற ஒரே கேள்வியை அவர்களிடம் வைத்தோம். படிவங்களால் கிடைத்ததைவிட அந்தக் கேள்வியால் கிடைத்த பெயர்கள் பயனுள்ளவையாக இருந்தன. துப்புரவுப் பணியாளர்களின் நினைவாற்றல் என்னை வியக்கவைத்தது. எந்த வீட்டுக் குப்பையில் மருந்துப் பட்டைகள் அதிகம் கிடக்கும் என்பது வரை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பட்டியலைத் தயாரிப்பதோடு கடமை முடிவதில்லை. அதை மறைத்து வைக்கவும் தெரிந்திருக்க வேண்டும். வெளிப்படைத்தன்மை என்ற பெயரில் பயனாளிகளின் பெயர், வயது, புதிய முகவரி அனைத்தையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டும் பழக்கம் இருக்கிறது. கணவனின் அடிதடியிலிருந்து தப்பி வேறு தொகுதியில் குடியேறிய ஒரு பெண்ணுக்கு அந்தத் தாள் என்ன செய்யும் என்பதை ஒட்டுபவர் எண்ணிப்பார்ப்பதில்லை. தனியாக வாழும் முதியவர்களின் வீட்டு எண்களைச் சுவரில் எழுதிவைப்பது திருடனுக்கு வழிகாட்டுவதற்கு ஒப்பானது. விண்ணப்ப எண்ணை மட்டும் பலகையில் இட்டு, மற்ற விவரங்களைக் கோப்பில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுப் பெற்றோம். எங்கள் குறிப்பேட்டிலும் நோயின் பெயர், குடும்பச் சண்டை போன்றவற்றை எழுதாமல், என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் எழுதுவது வழக்கமாயிற்று. "வியாழன், மருத்துவமனை, உடன் செல்ல வேண்டும்" என்ற அளவு போதும்.

வீட்டுக்குச் சென்று சந்திப்பது எளிய செயல் போலத் தோன்றும். ஒரு சந்திப்பைச் சற்று விரிவாகச் சொன்னால் அதன் நுணுக்கம் விளங்கும். தற்காலிகக் குடியிருப்பின் கடைசி வரிசையில் அச்சகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தனியே இருந்தார். கணக்கெடுப்புப் படிவத்தில் அவர் பெயருக்கு நேரே ஒருமுறை "கதவு பூட்டியிருந்தது" என்றும் மறுமுறை "ஒத்துழைக்கவில்லை" என்றும் எழுதியிருந்தார்கள். நாங்கள் போனபோதும் கதவு திறக்கவில்லை. எதிர் வீட்டுச் சிறுமி, "தாத்தாவுக்குக் காது கேக்காது, ஜன்னல் பக்கமாப் போய்க் கையை ஆட்டுங்க" என்று சொன்ன பிறகே விஷயம் புரிந்தது. அவருடைய காதுக்கருவி வெள்ளத்தில் போய்விட்டிருந்தது. ஒலிபெருக்கியில் சொன்ன எந்த அறிவிப்பும், எந்தப் பொருளை எங்கே எப்போது தருகிறார்கள் என்பதும் அவரை எட்டவில்லை. கதவைத் தட்டியவர்களும் எட்டவில்லை. அவர் ஒத்துழைக்க மறுத்ததாகப் பதிவானது இப்படித்தான்.

உள்ளே அழைத்து உட்காரவைத்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதிக் காட்டினால், "எனக்கு ஒரு குறையும் இல்லையம்மா, என்னைவிடக் கஷ்டப்படுகிறவர்களுக்குக் கொடுங்கள்" என்றார். அந்தப் பதிலை அநேகமாக எல்லா முதியவர்களும் சொல்வார்கள். ஆகவே நாங்கள் அந்தக் கேள்வியோடு நிறுத்துவதில்லை. நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள், கடைசியாக யாரோடு பேசினீர்கள், மாத்திரை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கேட்போம். பெரியவர் ஒரு சிறிய தகர டப்பாவை எடுத்துக் காட்டினார். அதில் இரத்த அழுத்த மாத்திரைகள் ஒவ்வொன்றும் பாதியாக உடைக்கப்பட்டு, துண்டுகள் ஒரு காகிதத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. மருத்துவக் குறிப்பேடு நனைந்து கூழாகிவிட்டதால், பழைய சீட்டில்லாமல் புது மாத்திரை தரமாட்டார்கள் என்று அவராகவே முடிவு செய்து, இருப்பதைப் பாதி பாதியாகப் போட்டு நாளைக் கடத்திக்கொண்டிருந்தார். நாற்காலிக்கு அடியில் பிரிக்கப்படாத உறைகள் கிடந்தன. அவற்றில் ஒன்று உதவித்தொகைக்கு வங்கி விவரம் கேட்டு வந்த கடிதம். அதற்கான கெடு முடியச் சில நாட்களே மிச்சமிருந்தன. மூக்குக் கண்ணாடியும் வெள்ளத்தோடு போயிருந்ததால் அவரால் அதைப் படிக்க முடியவில்லை.

இந்த அனுபவத்துக்குப் பிறகு எங்கள் குழுவில் ஒரு வழக்கம் நிலைபெற்றது. காதுக்கருவி, அதற்கான மின்கலம், மூக்குக் கண்ணாடி, பல்செட், கைத்தடி, சர்க்கரை அளக்கும் கருவி ஆகியவை பற்றி ஒவ்வொரு வீட்டிலும் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுவோம். நிவாரணப் பொருட்களின் பட்டியலில் இவை பெரும்பாலும் இருப்பதில்லை. ஆனால் இவற்றை இழந்தவர் மற்ற எல்லா உதவிகளிலிருந்தும் விலக்கப்பட்டுவிடுகிறார். புதிய காதுக்கருவிக்குச் சோதனை, அளவெடுப்பு என்று வாரக்கணக்கில் ஆகும். அதுவரை ஒரு சிறிய வெள்ளைப் பலகையும் தடித்த எழுத்துக்கான பேனாவும் கையில் இருந்தால் போதும், பேச்சு நடக்கும். மருந்துச் சீட்டை இழந்தவர்களுக்காக, மருந்துக்கடைப் பதிவேட்டையும் மருத்துவமனைப் பதிவையும் வைத்து மறுசீட்டு எழுதித்தர ஒரு மருத்துவரை வாரம் ஒருமுறை குடியிருப்புக்கே வரவழைத்தோம். இன்சுலின், டயாலிசிஸ், வலிப்பு மருந்து, மனநல மருந்து ஆகியவற்றில் இருப்பவர்களை முதல் நாளிலேயே தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். இவற்றில் சில நாள் இடைவெளியே உயிருக்கு உலை வைக்கும்.

சந்திக்கச் செல்வோர் இருவராகச் செல்வதும், ஒவ்வொரு முறையும் அதே இருவர் செல்வதும் நல்லது. வாரத்துக்கு ஒரு புதிய முகம் வந்து, அதே கதையை முதலிலிருந்து சொல்லவைத்தால், மூன்றாவது வாரத்தில் எவரும் கதவைத் திறக்க மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. முதல் சந்திப்பில் படிவத்தை வெளியே எடுக்காமல், உடனே தீர்க்கக்கூடிய ஒரு சிறு காரியத்தைச் செய்து கொடுத்துவிட்டு வருவது எங்களுக்குப் பெரிதும் கைகொடுத்தது. தாழ்ப்பாளைச் சரிசெய்வது, மின்விளக்கை மாற்றுவது, ஒரு கடிதத்தைப் படித்துக் காட்டுவது எதுவானாலும் சரி. சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் மீண்டும் போவது அதைவிட முக்கியம். செய்ய முடியாததைச் செய்வதாகச் சொல்லிவிட்டு வருவதைப்போலக் கெடுதல் வேறில்லை.

மாற்றுத்திறனாளிகளைப் பொறுத்தவரை, ஏற்பாடு செய்துவிட்டோம் என்ற திருப்திதான் பெரிய தடை. குடியிருப்பில் சாய்தளம் போட்டிருந்தார்கள்; ஆனால் சாய்தளத்துக்குப் போகும் வழியெங்கும் சரளைக்கல் கொட்டியிருந்ததால் சக்கர நாற்காலி அதை எட்டவே முடியவில்லை. அகலமான கதவு வைத்த கழிப்பறைக்குள் அரையடி உயரப் படி இருந்தது. சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரைப் பொறியாளரோடு சேர்த்து, படுக்கையிலிருந்து கழிப்பறைக்கும், கழிப்பறையிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கும் ஒருமுறை போய்வரச் செய்ததில், வரைபடத்தில் தெரியாத அத்தனை குறைகளும் ஒரு பிற்பகலிலேயே வெளிவந்தன. ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 11ஆவது பிரிவு, பேரிடர்க் காலத்தில் அவர்களது பாதுகாப்பை உறுதிசெய்வதை அரசுகளின் கடமையாக்குகிறது. கடமை தவறினால் விளைவது என்ன என்பதற்கு லண்டனின் கிரென்ஃபெல் கோபுரம் சான்று: 2017 ஜூன் 14 அன்று நேர்ந்த தீவிபத்தில் 72 பேர் இறந்தனர்; அங்கே வாழ்ந்த மாற்றுத்திறனாளிகள் 37 பேரில் 15 பேர் உயிருடன் வெளியே வரவில்லை. ஆகவே மீட்சிப் பணியின்போதே, மீண்டும் ஆபத்து நேர்ந்தால் இவரை யார் தூக்குவது, எந்த வழியாக வெளியேற்றுவது என்பதையும் வீடுவாரியாக எழுதிவைத்துவிட வேண்டும்.

இழப்பீட்டுப் பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். எங்கும் மாறாத ஒன்று, சொத்தின் மதிப்பைக் கொண்டு உதவியைக் கணக்கிட்டால் ஏற்கெனவே பின்தங்கியவர் மேலும் பின்தங்குவார் என்பதாகும். 2005இல் கத்ரீனா சூறாவளிக்குப் பிறகு அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் செயல்பட்ட ரோடு ஹோம் திட்டம், வீட்டின் பழைய சந்தை மதிப்பு, பழுதுபார்க்கும் செலவு ஆகிய இரண்டில் குறைந்ததை அடிப்படையாகக் கொண்டது. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் சந்தை மதிப்பே குறைவாக இருந்ததால், ஒரே அளவு சேதமடைந்த வீட்டுக்கு அவர்களுக்குக் குறைந்த தொகை கிடைத்தது. வழக்குத் தொடரப்பட்டு 2011இல் சமரசத்தில் முடிந்தது. ஜப்பானில், கோபே மக்களும் குடிமை அமைப்புகளும் தொடர்ந்து வலியுறுத்தியதன் பேரில், பாதிக்கப்பட்டவரின் வாழ்க்கையை மீட்டமைக்க நேரடியாகப் பணம் வழங்கும் சட்டம் 1998இல் வந்தது. எங்கள் அளவில் நாங்கள் செய்தது எளியது: ஒரு குடும்பத்தின் ஆவணங்கள் அனைத்தையும் ஒரே கோப்பில் போட்டு, அசலை அவர்களிடமே வைத்து, நகலை நாங்கள் வைத்துக்கொண்டு, அலுவலகத்துக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் "நாளைக்கு வா" என்பது குறைகிறது. வாடகைக்கு இருந்தவர்களுக்கு, பழைய மின்கட்டண ரசீது, பள்ளிச் சேர்க்கைப் பதிவு, அண்டை வீட்டார் இருவரின் எழுத்துச் சான்று ஆகியவற்றை வசிப்பிட ஆதாரமாக ஏற்கவைக்க நெடுநாள் போராட வேண்டியிருந்தது.

கடனைப் பற்றித் தயங்காமல், ஆனால் தனியாக இருக்கும்போது கேட்க வேண்டும். வெள்ளத்துக்கு அடுத்த மாதமே தவணை வசூலிப்பவர் வந்துவிடுகிறார். உதவித்தொகை கைக்கு வந்த அன்றே வட்டிக்குப் போய்விட்ட வீடுகளில், எங்கள் மற்ற முயற்சிகள் எல்லாம் விழலுக்கு இறைத்த நீராயின.

மனத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். பேரிடர்களுக்கான உளநல வழிகாட்டுதல்கள் 2007இல் பல்வேறு சர்வதேச நிறுவனங்கள் கூடித் தொகுத்தவை. அவை உதவியை நான்கு அடுக்குகளாகப் பிரித்து, அடித்தளமாகப் பாதுகாப்பையும் அடிப்படைத் தேவைகளையும், அதன்மேல் குடும்பத்தையும் அக்கம்பக்கத்தையும் வைக்கின்றன. மருத்துவர் தேவைப்படுவது உச்சியில் உள்ள சிலருக்கே. நடந்ததை எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சொல்லியே ஆக வேண்டும் என்று வற்புறுத்துவதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. உளவியல் முதலுதவி என்பது அருகே இருந்து கவனிப்பது, சொல்ல விரும்பினால் கேட்பது, தேவையான இடத்தோடு இணைத்துவிடுவது, அவ்வளவே. எங்கள் பகுதியில் பலருக்குத் தேவைப்பட்டது ஆலோசகரைவிட இரவுத் தூக்கமும் பகல் வேலையும். அதேநேரத்தில், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் வெளியிட்டால் அதைச் சும்மா சொல்கிறார் என்று கடந்துவிடாமல், அன்றே மனநல மருத்துவரிடம் சேர்ப்பதும், அவரைத் தனியே விடாதிருப்பதும் விதியாக இருந்தது.

முதல் மாதத்தைவிட ஐந்தாறு மாதம் கழிந்த பிறகே மனச்சோர்வு அதிகமாகத் தென்பட்டது. அதுவரை எல்லோருக்கும் ஒரே கஷ்டம் என்ற உணர்வு மக்களைத் தாங்கியிருந்தது. பிறகு சிலர் வீடு திரும்ப, சிலர் அங்கேயே தங்கிவிட, அந்த உணர்வு கலைந்துபோயிற்று. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 185 பேரைப் பலிகொண்ட 2011 பிப்ரவரி 22 நிலநடுக்கத்துக்குப் பின், மக்களின் மனநலத்துக்கான பெரிய பரப்புரை இயக்கம் 2013இல்தான் தொடங்கப்பட்டது. நிலநடுக்க அச்சத்தைவிடக் காப்பீட்டுத் தொகைக்கான அலைச்சலும் வீட்டுப் பழுதும் அப்போது மக்களை வாட்டிக்கொண்டிருந்தன. அடுத்த மழைக்காலத்தின் முதல் பெருமழையன்று எங்கள் குடியிருப்பில் பலர் உறங்கவில்லை. அந்த இரவைக் கணித்து, முன்கூட்டியே எல்லோருக்கும் தொலைபேசியில் பேசி, பொதுக்கூடத்தை விளக்கோடு திறந்து வைத்திருந்தது பயனளித்தது.

ஆண்கள் தனியே சொல்லப்பட வேண்டியவர்கள். கூடிப் பேசும் நிகழ்ச்சிகளுக்குப் பெண்கள் வந்தார்கள். வேலையிழந்த, மனைவியை இழந்த, ஐம்பது அறுபது வயது ஆண்கள் வரவில்லை. மது அவர்களிடம் வேகமாகப் பரவியது. பேச வாருங்கள் என்று அழைப்பதை விட்டுவிட்டு, பழுதுபட்ட மின்விசிறி, நாற்காலி, மிதிவண்டி போன்றவற்றைச் சரிசெய்ய ஒரு கொட்டகை போட்டுக் கருவிகளை வைத்தோம். கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறந்தது. உதவி பெறுபவராக வெட்கப்பட்டவர்கள் உதவி செய்பவராக நிமிர்ந்தார்கள் என்று நான் நினைக்கிறேன். முன்னர் சொன்ன அச்சகப் பெரியவர், காதுக்கருவி வந்த பிறகு, குடியிருப்பின் அறிவிப்புகளைப் பெரிய எழுத்தில் அழகாக எழுதி ஒட்டும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். ஒலிபெருக்கியை மட்டும் நம்பியிருந்த அறிவிப்பு முறைக்கு அதுவே மாற்றாக அமைந்தது.

தனியாக வாழ்வோர் நலமாக இருக்கிறார்களா என்று நாள்தோறும் அறிய, காலையில் கதவில் ஒரு வண்ணத் துணியைத் தொங்கவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. குடியிருப்போரே அதை மறுத்தார்கள். இந்த வீட்டில் தனி ஆள் இருக்கிறார் என்று ஊருக்கே அறிவிப்பதாகிவிடும் என்றார்கள். அது சரியான மறுப்பு. அதற்கு மாற்றாக, ஒருவர் அடுத்தவரையும் அவர் அதற்கடுத்தவரையும் தொலைபேசியில் அழைக்கும் சங்கிலி ஒன்றை அவர்களே வகுத்தார்கள். அழைப்புக்குப் பதில் இல்லையென்றால் யார் போய்ப் பார்ப்பது, மாற்றுச் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் முடிவு செய்தார்கள். பார்க்கப்போனால், நாங்கள் வெளியிலிருந்து கொண்டுவந்த ஏற்பாடுகளில் சில மட்டுமே நிலைத்தன. அவர்கள் வகுத்தவற்றில் பெரும்பாலானவை நிலைத்தன.

குழந்தைகளுக்குப் பள்ளி திறப்பதே முதல் மருந்து. படிப்பை நிறுத்தி வேலைக்குப் போன பிள்ளைகளின் பெயரை ஆசிரியரிடம் கேட்டு வாங்கி, அந்தக் கல்வியாண்டுக்குள்ளேயே திரும்ப அனுப்பாவிட்டால் பிறகு அழைத்துவருவது கடினம். பெண்களுக்கு, கழிப்பறைக்குப் போகும் வழியில் வெளிச்சமும் உள்பக்கத் தாழ்ப்பாளும் வேண்டும். இவை விவாதத்துக்குரியவை அல்ல. செய்து முடித்துவிட வேண்டியவை.

கடைசியாக, குழு விலகும் காலம். நிதி பொதுவாக ஓராண்டுக்கு வரும். மனிதர்கள் ஓராண்டில் மீள்வதில்லை. ஆகவே விலகும் நாளை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. ஓய்வின்றி உழைத்த எங்கள் பணியாளர்களே துவண்டு விழுந்தபோது, வாரம் ஒருநாள் கட்டாய விடுப்பும், இன்னொருவரிடம் சுமையை இறக்கிவைக்க மாதம் இருமுறை கூட்டமும் ஏற்படுத்தினோம். விலகுவதற்கு மூன்று மாதம் முன்பே ஒவ்வொரு வீட்டிலும் தேதியைச் சொன்னோம். தொடர்ந்து கவனிப்பு தேவைப்பட்டவர்களை அரசின் சமூகநலப் பணியாளரிடமோ உள்ளூர்ச் சுகாதார நிலையத்திடமோ ஒப்படைக்கும்போது, கோப்பை மட்டும் அனுப்பாமல், புதியவரை நேரில் அழைத்துச் சென்று அறிமுகப்படுத்தி, இரண்டு முறையாவது சேர்ந்து சந்தித்தோம். யார் பொறுப்பு என்று தெளிவாகாத வீடுகளின் பெயர்களை முதலில் எழுதி, அவற்றுக்கு ஆள் கிடைக்கும்வரை அந்த வீடுகளை மட்டும் எங்களிடமே வைத்துக்கொண்டோம். எங்கள் தொலைபேசி எண்ணை அலுவலகம் மூடப்பட்ட பிறகும் ஓராண்டு செயல்பாட்டில் வைத்திருந்தோம்; வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை புதிய அலுவலகத்தின் முகவரியைக் கேட்டவை.